ஒரு பவுண்டுக்குப் போன பிசிபி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு போர்டு ஆர்டர் பண்ணப் போறீங்க. முதலில் என்ன பார்ப்பீங்க? விலை. அடுத்து, ரிவ்யூ தேதிக்கு முன்னாடி கைக்கு வந்துடுமா என்பது. ரெண்டும் முக்கியம்தான், மறுக்கல. ஆனா இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. இவங்க தினமும் செய்யுற வேலைக்கும் என் போர்டுக்கும் பொருத்தம் இருக்கா? அப்புறம், நான் எதில் கையெழுத்து போடுறேன்? இந்த ரெண்டு கேள்வியும் எவ்வளவு பெரியது என்று தெரியணும்னா, பிசிபியின் தந்தை என்று சொல்லப்படுகிற பால் ஐஸ்லரின் கதையைத் தெரிஞ்சுக்கணும். முதல் கேள்வியில் அவர் நூற்றுக்கு நூறு. ரெண்டாவதில் கோட்டை விட்டார்.

ஐஸ்லர் 1907-ல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1930-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தார். கையில் பட்டம் இருக்கு, வேலை இல்லை. நமக்குத் தெரிஞ்ச கதை மாதிரி இருக்கும், ஆனா காரணம் வேற. யூதர் என்பதாலேயே பல கதவுகள் அவருக்கு மூடியிருந்தன. பெல்கிரேடுக்குப் போய், ஓடுற ரயிலில் வானொலி இரைச்சல் இல்லாமல் கேட்க வழி செய்யும் ஒரு தற்காலிக வேலை பார்த்தார். அதுவும் முடிஞ்சதும் வியன்னா திரும்பி, பத்திரிகை அச்சு சார்ந்த வேலைகளில் கிடைத்ததைச் செய்தார்.

எலக்ட்ரிகல் படிச்சவருக்கு அச்சகத்தில் என்ன வேலை என்று தோணும். ஆனா இந்தக் கதையின் விதை அங்கேதான் விழுந்தது. அச்சுத் தொழிலில் ஒரு படத்தை ஒருமுறை தகட்டில் ஏற்றிவிட்டால் போதும், ஒரே மாதிரி ஆயிரம் பிரதி எடுக்கலாம். அதே காலத்தில் ஒரு ரேடியோ எப்படித் தயாரானது தெரியுமா? உலோகச் சட்டத்தில் பாகங்களைப் பொருத்தி, ஒவ்வொரு வயரையும் கையால் வெட்டி, வளைத்து, ஒவ்வொரு முனையாக சால்டர் பண்ணணும். நூறு ரேடியோ செய்தால் நூறு தடவையும் அதே வேலை, நூறு தடவையும் தப்பு நடக்க வாய்ப்பு. ஒரு பக்கம் எழுத்தை அச்சடிக்கிற மாதிரி வயரிங்கையும் அச்சடிச்சா என்ன?

இந்த யோசனை அவருக்கு மட்டுமே வந்தது என்று சொல்ல முடியாது. 1903-லேயே ஆல்பர்ட் ஹான்சன், 1925-ல் சார்ல்ஸ் டூகாஸ் என்று சிலர் இந்தத் திசையில் காப்புரிமை கேட்டிருக்காங்க. ஆனா பெரிய அளவில் உற்பத்தி செய்யக்கூடிய ஒரு முறையாக அதைக் கொண்டுவர உழைத்தவர் ஐஸ்லர்.

1936-ல் அவர் வியன்னாவை விட்டு லண்டன் போனார். வேறு கண்டுபிடிப்புகளுக்காக வாங்கி வைத்திருந்த காப்புரிமைகள்தான் இங்கிலாந்துக்குள் போக அவருக்கு உதவின. லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் தங்கியிருந்த அறையிலேயே, வயருக்குப் பதில் அச்சிட்ட சுற்று வைத்த ஒரு ரேடியோவைக் கையால் செய்தார். ப்ரோட்டோடைப் ரெடி. இனி தயாரிக்க ஆள் வேணும்.

அவர் போய் நின்றது பிளெஸ்ஸி என்ற பெரிய மின்னணு நிறுவனத்தின் வாசலில். நாமும் அப்படித்தான் செய்திருப்போம், ரேடியோ சம்பந்தப்பட்ட பொருளுக்கு ரேடியோ கம்பெனிதானே சரி? அங்கே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. தொழில்நுட்பம் மோசம் என்பதால் இல்லை. வயரிங் வேலையைப் பெண் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்குச் செய்துகொண்டிருந்தாங்க. டிசைன் மாறினாலும் அவங்க சமாளிச்சுடுவாங்க, புது இயந்திரம் எதுக்கு என்பது அவங்க கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு தொழிற்சாலை ஏற்கெனவே லாபமாக ஓடிக்கொண்டிருக்கும் முறையை உங்க போர்டுக்காக மாற்றாது. பெயர் பெரியது என்பதால் மட்டும் அவங்க உங்களுக்குப் பொருத்தம் என்று ஆகிவிடாது.

பிறகு போர் வந்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவரையே, ஆஸ்திரியாக்காரர் என்ற காரணத்தால் எதிரி நாட்டவர் என்று முத்திரை குத்தி பிரிட்டன் அடைத்து வைத்தது. 1941-ல் விடுதலை. கொஞ்ச காலம் ராணுவத்தின் உழைப்புப் பிரிவில் இருந்தார். அதுக்கப்புறம்தான் சரியான கதவைத் தட்டினார்.

அது லண்டன் கேம்பர்வெல்லில் இருந்த ஹெண்டர்சன் அண்ட் ஸ்பால்டிங். மின்னணு கம்பெனி இல்லை, ஒரு லித்தோகிராஃபி அச்சகம்! இசைக்குறிப்புகளுக்கான தட்டச்சு இயந்திரம் ஒன்றுக்காக அவங்க தொடங்கிய டெக்னோகிராஃப் என்ற துணை நிறுவனம் சும்மா கிடந்தது. அதன் வழியாக ஐஸ்லரின் யோசனைக்குப் பணம் போட முன்வந்தாங்க.

பொருத்தத்தைப் பாருங்க. ஐஸ்லருக்குத் தேவை என்ன? மின்கடத்தாத் தகட்டின்மேல் செம்புப் படலத்தை ஒட்டணும். சுற்றின் வடிவத்தை, அமிலம் தின்னாத மையால் அதன்மேல் பதிக்கணும். பிறகு ரசாயனத்தில் முக்கினால் மை இல்லாத இடத்துச் செம்பு கரைந்துவிடும், மைக்குக் கீழே இருப்பது வயராக நிற்கும். நம்ம லேபில் ஃபெரிக் குளோரைடு தட்டில் போர்டை ஆட்டி ஆட்டி எட்ச் பண்றோமே, அதேதான். இதில் ஒரு ரேடியோ தொழிற்சாலைக்குப் புதுசாக இருக்கிற ஒவ்வொரு படியும் ஒரு லித்தோ அச்சகத்துக்குத் தினசரி வேலை. படத்தை உலோகத்தில் இறக்குவது, மை ஒட்டும் இடத்தையும் ஒட்டாத இடத்தையும் பிரிப்பது, மெல்லிய கோடு உடையாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவங்களுக்குக் கைவந்த கலை. 1943-ல் ஐஸ்லர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வருவோம். அந்த நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தத்தை ஐஸ்லர் படிக்காமலேயே கையெழுத்து போட்டுட்டார். அதில் இருந்தது இதுதான்: வேலையில் இருக்கும்போது அவர் கண்டுபிடிப்பதன் காப்புரிமை எல்லாம் நிறுவனத்துக்கு, அதுக்கு ஈடாக பெயரளவுக்கு 1 பவுண்டு. டெக்னோகிராஃபில் 16.5 சதவீதப் பங்கும் அவருக்கு உண்டு. சதி என்று சொல்ல முடியாது, அந்தக் காலத்து வேலை ஒப்பந்தங்கள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. அகதியாக வந்து, முகாமில் இருந்து, கையில் காசில்லாமல் நின்றவருக்குப் பேரம் பேச எவ்வளவு இடம் இருந்திருக்கும்? இருந்தாலும் படிச்சிருந்தால் ஒரு வரியையாவது மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். படிக்காததால் அந்த வாய்ப்பும் போச்சு.

போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் குண்டு இலக்கை நெருங்கும்போது தானே வெடிக்க வைக்கும் ஃப்யூஸ்களைச் செய்தாங்க. பீரங்கியிலிருந்து பாயும் அதிர்ச்சியைத் தாங்கணும், சின்னதாகவும் இருக்கணும், லட்சக்கணக்கில் வேணும். அவற்றில் சிலவற்றுக்குப் பீங்கான் தகட்டில் வெள்ளி மையால் சுற்றுகளை அச்சிட்டாங்க. அச்சிட்ட சுற்று என்பது விளையாட்டு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. போருக்குப் பின் ரேடியோ, டிவி என்று உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. அதில் நிலைத்து நின்றது ஐஸ்லர் பிடித்த வழி, அதாவது செம்புப் படலத்தை எட்ச் பண்ணும் முறை.

பணம்? 1950-ல் பிரிட்டனில் காப்புரிமைகள் கிடைத்தன, ஆனா சொந்தக்காரர் டெக்னோகிராஃப். 1957-ல் ஐஸ்லர் அங்கிருந்து விலகினார். அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக டெக்னோகிராஃப் போட்ட வழக்கில், 1963-ல் அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உலகில் மின்னணுப் பொருள் செய்யும் எல்லோரும் அந்த முறையைப் பயன்படுத்தினாங்க, அதைக் கொண்டுவந்தவருக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை.

மனுஷன் அதோடு ஓய்ந்துவிடவும் இல்லை. அதே உலோகப் படலத்தை வைத்துச் சுவரையும் தரையையும் சூடாக்கும் விரிப்புகள், உணவைச் சூடாக்கும் படலம், கார் பின்கண்ணாடியில் பனி நீக்கும் சூடேற்றி என்று கடைசிவரை எதையாவது செய்துகொண்டே இருந்தார். 1989-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 1992-ல் லண்டனில், 85 வயதில் காலமானார்.

இனி நீங்க. போர்டு செய்துதர ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அவங்க தினமும் செய்யுற வேலை என்ன என்று முதலில் கேளுங்க. எவ்வளவு மெல்லிய கோடு, எவ்வளவு நெருக்கமான இடைவெளி, எவ்வளவு சின்ன துளை, எத்தனை லேயர் வரை வழக்கமாகச் செய்றாங்க? உங்க டிசைன் அந்த எல்லைக்குள் வசதியாக உட்காருதா, விளிம்பில் தொங்குதா? கெர்பர் ஃபைலைப் பார்த்துத் தப்பு இருந்தால் ஃபோன் பண்ணுவாங்களா, இல்ல அப்படியே அடிச்சு அனுப்பிடுவாங்களா? எலக்ட்ரிகல் டெஸ்ட் விலைக்குள் அடக்கமா? இன்னைக்கு 5 போர்டு, நாளைக்கு 500 வேணும்னா அதே இடத்தில் முடியுமா? ரெண்டு லேயர் சாதா போர்டை மலிவாக, நன்றாகச் செய்பவர் ஆர்எஃப் போர்டுக்கும் சரியானவர் என்று அர்த்தமில்லை.

அடுத்தது காகிதம். போட்டியில் ஜெயிச்சதும் ஒரு இன்குபேட்டரோ ஸ்பான்சரோ போர்டு செலவை நாங்க பார்த்துக்கிறோம் என்று வரலாம். சந்தோஷமா போங்க. ஆனா டிசைன் ஃபைல் யாருக்குச் சொந்தம், காப்புரிமை யார் பெயரில், நீங்க விலகினால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் பதில் அந்தத் தாளில் எங்கே இருக்கு என்று விரல் வைத்துக் காட்ட முடிஞ்சால் மட்டும் கையெழுத்து போடுங்க. புரியலைன்னா ஒரு நாள் டைம் கேட்டு, புரிந்தவரிடம் காட்டுங்க.

சரியான அச்சகத்தைக் கண்டுபிடிக்க ஐஸ்லருக்கு ஐந்தாறு வருஷம் ஆச்சு. அங்கே நீட்டிய ஒப்பந்தத்தைப் படிக்க ஒரு சாயங்காலம் போதுமாயிருந்திருக்கும்.