விண்வழி சமைத்த ராபர்ட் கோடார்ட்

தீபாவளித் திருநாளில் சீறிக் கிளம்பும் ராக்கெட் வாணத்தைக் கண்டு மகிழாத குழந்தை நம் காலனியில் இல்லை. அதன் வால்புறத்தே வாயு பீறிட்டு வெளியேற, அவ்வேகமே வாணத்தை மேல்நோக்கி உந்துகின்றது. இச்சிறு பொருளுக்குள் விண்ணை எட்டும் வழி அடங்கியிருப்பதைக் கணக்கிட்டு அறிந்தவர் சிலர். அவ்வழியைத் தம் கைகளாலேயே அமைத்துப் பறக்கவிட்டுக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹட்சிங்ஸ் கோடார்ட். அவருடைய வாழ்க்கை, வளரும் பிள்ளைகளும் அவர்களை வளர்க்கும் பெற்றோரும் ஒருங்கே அறியத்தக்கது.

அவர் 1882-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். இளமையிலேயே நோய் அவரை வாட்டியது. அதனால் பள்ளிப் படிப்பு அடிக்கடி தடைப்பட, அவர் ஒத்த வயதினருக்குப் பின்தங்கினார். ஆயினும் நூல்கள் அவருக்கு உற்ற துணையாயின. செவ்வாய்க் கிரகத்தார் பூமியின்மீது படையெடுப்பதாக எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதை அவருள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1899-ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று, பதினேழு வயது இளைஞராக, வீட்டுக்குப் பின்னிருந்த செர்ரி மரத்தில் காய்ந்த கிளைகளைக் களைய ஏறினார். அங்கே அமர்ந்தபடி, செவ்வாய் வரை செல்லவல்ல ஒரு கருவியைக் கற்பனையில் கண்டார். கீழே இறங்கியபோது, வாழ்வுக்கு ஒரு நோக்கம் கிடைத்துவிட்டதாக உணர்ந்தார். அந்நாளைப் பிறந்தநாள்போல் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வந்தார்.

கற்பனையோடு அவர் நின்றுவிடவில்லை. வூஸ்டர் பாலிடெக்னிக்கில் 1908-இல் பட்டம் பெற்று, கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1911-இல் பௌதிகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1913-இல் காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அவர் பிழைப்பது அரிது என மருத்துவர்கள் கருதினர். நோயிலிருந்து தேறிய அடுத்த ஆண்டிலேயே இரண்டு காப்புரிமைகளைப் பெற்றார். ஒன்று, அடுக்கடுக்காக எரிந்து கழலும் ராக்கெட்டுக்கு. மற்றொன்று, திரவ எரிபொருளாலும் இயங்கத்தக்க ராக்கெட்டுக்கு. பின்னாளில் விண்வெளிப் பயணத்தைக் கைகூடச் செய்த அடிப்படைகள் இவையே.

அக்காலத்து வெடிமருந்து ராக்கெட்டில் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய 2 விழுக்காடே இயக்கமாக மாறியது. கோடார்ட் வாயு வெளியேறும் துளையை நடுவில் குறுக்கிப் பின் விரியும் கூம்பாக அமைத்து, அதனை 60 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்தினார். காற்று அகற்றப்பட்ட குழாய்க்குள்ளும் ராக்கெட்டை எரித்துப் பார்த்தார். வெற்றிடத்திலும் அது உந்தப்படுவது ஐயமறத் தெளிவாயிற்று. தனியொருவர் வருமானம் இத்தகைய சோதனைகளுக்குப் போதவில்லை. ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, 1917-இல் 5,000 டாலர் உதவி பெற்றார்.

அந்நிறுவனம் வெளியிட்ட அவருடைய ஆராய்ச்சி நூலே அவருக்குப் புகழோடு துன்பத்தையும் கொணர்ந்தது. போதிய வேகமுள்ள ராக்கெட்டைச் சந்திரனுக்கும் அனுப்பி, அங்கே ஒளிரும் மருந்தைக் கொளுத்தி, பூமியிலிருந்து காணலாம் என அதில் ஓரிடத்தில் குறித்திருந்தார். பத்திரிகைகள் அக்குறிப்பை மட்டும் பற்றிக்கொண்டன. 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கத்தில், காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எதை உந்திச் செல்லும் என்ற பொருளில் எள்ளி நகையாடியது. பள்ளிச் சிறுவர் கற்கும் பௌதிகம்கூட இப்பேராசிரியருக்குத் தெரியவில்லை எனக் குத்திக் காட்டியது. பிழை தலையங்கத்தினுடையது. ஆனால் வடு கோடார்டின் நெஞ்சில் விழுந்தது. அதன்பின் அவர் பேச்சைக் குறைத்துப் பட்டறையில் ஒடுங்கினார்.

1924-இல் எஸ்தர் கிஸ்க் என்னும் நங்கையை மணந்தார். கணவரின் குறிப்புகளைத் தட்டச்சு செய்தவரும், சோதனைகளைப் படம் பிடித்தவரும், ராக்கெட்டுக்குரிய பாராசூட்டுகளைத் தைத்தவரும் அவரே. இல்லறமும் ஆராய்ச்சியும் அக்குடும்பத்தில் ஒன்றாயின.

1926-ஆம் ஆண்டு மார்ச் 16. ஆபர்ன் என்னும் ஊரில், கோடார்டின் உறவினரான எஃபி அத்தையின் பண்ணை, தரையெங்கும் பனி. ஏறக்குறைய 10 அடி உயரமுள்ள மெல்லிய குழாய்ச் சட்டம் ஒன்று அங்கே நின்றது. எரிகலன் அதன் உச்சியிலும், பெட்ரோலும் திரவப் பிராணவாயுவும் நிறைந்த கலங்கள் அடியிலும் இருந்தன. உதவியாளர் ஹென்றி ஸாக்ஸ் நீண்ட கழியின் முனையில் கட்டிய தீயால் அதை மூட்டினார். முழக்கம் எழுந்தும் ராக்கெட் உடனே அசையவில்லை. எரிபொருள் சிறிது கரைந்து எடை குறைந்த பின்னரே மெல்லக் கிளம்பியது. இரண்டரை வினாடியில் 41 அடி உயர்ந்து, 184 அடி தொலைவில் முட்டைக்கோசுத் தோட்டத்தில் விழுந்தது. எஸ்தரின் காமிராச் சுருளோ ஏழு வினாடிகளில் முடிந்துபோயிற்று; அக்காட்சி அதில் பதியவில்லை. திரவ எரிபொருளால் பறந்த உலகின் முதல் ராக்கெட்டைக் கண்டவர்கள் அந்த நால்வரே: கோடார்ட் தம்பதியர், ஸாக்ஸ், பெர்ஸி ரூப் என்னும் ஆசிரியர்.

1929 ஜூலையில் வெப்பமானியும் பாரமானியும் காமிராவும் சுமந்து இன்னொரு ராக்கெட் எழுந்தது. அதன் பேரொலியால் சுற்றுப்புறம் கலங்க, அம்மாநிலத்தில் சோதனைகளுக்குத் தடை வந்தது. அத்தடையே நன்மையாயிற்று. அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பர்க் இச்செய்தி அறிந்து அவரை நாடிவந்தார். அவர் முயற்சியால் கக்கன்ஹைம் குடும்பத்தாரின் பொருளுதவி கிடைக்க, 1930-இல் கோடார்ட் நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சுழல் பம்பரத்தின் உதவியால் ராக்கெட்டை நிமிர்த்திச் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1937-இல் ஒரு ராக்கெட் 8,000 அடிக்கும் மேல் உயர்ந்தது.

எனினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஏளனத்தால் புண்பட்ட அவர் தம் நுட்பங்களைப் பிறரோடு பகிரத் தயங்கினார். 1936-இல் கலிபோர்னியாவிலிருந்து ஃபிராங்க் மலினா என்ற இளம் ஆராய்ச்சியாளர் தேடிவந்தபோது அன்போடு வரவேற்றாராயினும், ராக்கெட்டின் உள்ளமைப்பைக் காட்டவில்லை. ஒரு சில உதவியாளருடன் அவர் உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஜெர்மனியில் பெரும் குழுவொன்று அரசின் பொருளுதவியோடு முன்னேறியது. 1942-இல் அவர்களது ராக்கெட் 80 கிலோமீட்டருக்கும் மேல் எழுந்தது. கைப்பற்றப்பட்ட அதன் பாகங்களை 1945-இல் கோடார்ட் நேரில் கண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 10 அன்று தொண்டைப் புற்றுநோயால் உயிர் நீத்தார்.

எஸ்தர் ஓயவில்லை. கணவர் விட்டுச்சென்ற குறிப்புகளைத் தொகுத்து மேலும் 131 காப்புரிமைகள் பெறச் செய்தார். மொத்தம் 214 ஆயின. 1959-இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு மையம் ஒன்றுக்குக் கோடார்டின் பெயர் சூட்டப்பட்டது. 1960-இல் அவருடைய கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்தியதற்காக அரசு 10 லட்சம் டாலர் அளித்தது. 1963-இல் பயிற்சிக்கெனச் சென்ற இந்தியருள் ஒருவராக அம்மையத்துள் நுழைந்தார் ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம். அவ்வாண்டே நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணேறியது. 1969 ஜூலை 16 அன்று சந்திரனை நோக்கி மனிதர் புறப்பட, மறுநாளே நியூயார்க் டைம்ஸ் தன் பழைய பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. கோடார்ட் மறைந்து அப்போது ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இளைஞர்களே! 41 அடியே பறந்த கருவியை அவர் தோல்வியென எண்ணவில்லை. அளந்து, குறித்து, அடுத்ததைத் தொடங்கினார். அந்த உறுதி உங்களுக்கும் வாய்க்கட்டும். பெற்றோர்களே! விந்தையான கேள்வியோடு வரும் பிள்ளையை நகைத்து அனுப்பாதீர்கள். ஓர் ஏளனம் ஓர் அறிஞரின் வாயை அடைத்ததையும், அவர் கண்டறிந்தவை உரிய காலத்தில் பிறருக்கு எட்டாமற்போனதையும் இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது.