நிலாவுக்குப் போகாத ஆம்ஸ்ட்ராங்

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)

ஆம்ஸ்ட்ராங் என்றதும் எல்லோருக்கும் நிலாவில் கால் வைத்தவர்தான் ஞாபகத்துக்கு வருவார். நான் எழுதப் போவது அவரைப் பற்றி அல்ல நண்பர்களே! நம்ம டிபார்ட்மெண்ட்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார். எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். ரீஜெனரேட்டிவ் ரிசீவர், சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர், எஃப்.எம். இப்படி நாம் படம் வரைந்து மார்க் வாங்குகிற பாடங்கள் மூன்றிலும் இவர் உழைப்பு இருக்கிறது.

1890 டிசம்பர் 18-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். அப்பாவுக்குப் புத்தகக் கம்பெனியில் வேலை. அம்மா டீச்சராக இருந்தவர். சின்ன வயதில் உடம்புக்கு முடியாமல் போய், இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார். பிறகு குடும்பம் யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனது. மார்கோனி போன்றவர்களின் கதைகளைப் படித்துவிட்டு, 14 வயதிலேயே கண்டுபிடிப்பாளர் ஆவது என்று முடிவு செய்துவிட்டார். வீட்டுக் கொல்லையில் 125 அடி உயர ஏரியல் கம்பம் நட்டு, தானே அதன் மேல் ஏறி வேலை பார்த்தார். உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது.

1909-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் சேர்ந்தார். அப்பா வாங்கிக் கொடுத்த சிவப்பு மோட்டார் சைக்கிளில் தினமும் போய் வந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிரான்சிஸ்டர் கிடையாது. லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906-ல் ஃபிலமெண்ட், பிளேட் இரண்டுக்கும் நடுவில் கிரிட் என்ற கம்பி வலையை வைத்து ஆடியான் என்ற வால்வைச் செய்திருந்தார. கிரிட்டில் சின்ன சிக்னல் கொடுத்தால் பிளேட் கரெண்ட் கூடும், குறையும். ஆனால் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று செய்தவருக்கே சரியாகப் புரியவில்லை. பல்புக்குள் மிச்சமிருக்கும் வாயுதான் காரணம் என்று நினைத்தார். ஹெட்போனில் காதை அழுத்திக் கேட்டால்தான் ஏதோ கொசு கத்துவது மாதிரி கேட்கும்.

மாணவரான ஆம்ஸ்ட்ராங் யார் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தானே அளந்து பார்த்தார். கிரிட் வோல்டேஜை மாற்றினால் பிளேட் கரெண்ட் எவ்வளவு மாறுகிறது என்று கிராஃப் போட்டார். (நாம் லேபில் போடும் கேரக்டரிஸ்டிக்ஸ் கர்வ் மாதிரிதான்!) பிளேட் பக்கத்தில் உயர் அதிர்வெண் கரெண்டும் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். அப்படியானால் அதில் கொஞ்சத்தை ஒரு காயில் வழியாகத் திரும்ப கிரிட்டுக்கே கொடுத்தால் என்ன ஆகும்? பெருகின சிக்னல் மறுபடியும் பெருகும். பெருகினது இன்னும் பெருகும்.

1912 செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி அது நடந்தது. முணுமுணுத்துக்கொண்டிருந்த சிக்னல் கணீரென்று கேட்டுச்சு. ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாலும் அறை முழுக்கக் கேட்கும் அளவுக்குச் சத்தம். நடுராத்திரி என்றும் பார்க்காமல் தங்கையை எழுப்பிச் சொன்னாராம். அந்த ஃபீட்பேக்கை இன்னும் கூட்டியபோது வால்வு தானாகவே அதிர ஆரம்பித்தது. அதாவது கேட்கிற கருவியே ஒலிபரப்புகிற கருவியாகவும் ஆகிவிட்டது. ஆஸிலேட்டர் என்று நாம் படிப்பது இதைத்தான். அப்போது அவருக்கு 21 வயது.

பேட்டண்ட் வாங்க அப்பாவிடம் பணம் கேட்டார். முதலில் படிப்பை முடி என்று அப்பா சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சர்க்யூட்டை ஒரு தாளில் வரைந்து, 1913 ஜனவரி 31-ல் நோட்டரியிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்தார். பட்டம் பெற்ற பிறகு, அதே வருடம் அக்டோபரில்தான் பேட்டண்ட்டுக்கு மனுப் போட முடிந்தது.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு எக்ஸ்பெரிமெண்ட்டுக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்வது எதற்கு என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆம்ஸ்ட்ராங் கதையைப் படித்த பிறகுதான் அந்தத் தேதியின் விலை என்னவென்று புரிந்தது.

ஏனென்றால் டி ஃபாரஸ்ட் சும்மா இருக்கவில்லை. 1912 ஆகஸ்டிலேயே தன் நோட்டில் இதைக் குறித்து வைத்திருப்பதாகச் சொல்லி உரிமை கேட்டார். கேஸ் வருடக்கணக்கில் நடந்தது. ஒரு கட்டத்தில் ஆம்ஸ்ட்ராங்தான் ஜெயித்தார். எதிராளி செலவுத் தொகையைக் கொடுக்க முடியாத நிலையில் இருந்தார். அதை விட்டுக்கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இவர் விட்டுக்கொடுக்கவில்லை. கேஸ் திரும்பிவிட்டது. 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட்டுக்கே உரிமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மனம் உடைந்த ஆம்ஸ்ட்ராங், ரேடியோ பொறியாளர் கழகம் தனக்கு முன்பு கொடுத்த பதக்கத்தைத் திருப்பித் தரப் போனார். கழகம் வாங்க மறுத்துவிட்டது. கூட்டத்தில் இருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கோர்ட்டில் தோற்றவர் தொழில் தெரிந்தவர்கள் நடுவில் ஜெயித்தார்.

இதற்கிடையில் முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து பாரிஸில் இருந்தபோது, 1918-ல் சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவரை உருவாக்கினார். எந்த ஸ்டேஷன் வந்தாலும் ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்கும் முறை. 1920-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இவருடைய பேட்டண்ட்டுகளை 3,35,000 டாலருக்கு வாங்கியது. ஆர்.சி.ஏ. கம்பெனியின் பெரிய அதிகாரியும் நண்பருமான டேவிட் சர்னாஃபின் செக்ரட்டரி மரியனை 1923-ல் கல்யாணம் செய்துகொண்டார். மனைவிக்குக் கொடுத்த பரிசு, கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு ரேடியோ!

மழை, இடி என்றால் ஏ.எம். ரேடியோவில் கரகர என்று சத்தம் வரும் அல்லவா? அதை ஒழிக்க வருடக்கணக்கில் உழைத்தார். அந்த இரைச்சல் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கிறது. அதனால் உயரத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணை மாற்றினால் தப்பிக்கலாம். அதிலும் அகலமான பேண்ட் வேண்டும் என்று கண்டார். 1933 டிசம்பர் 26-ல் பேட்டண்ட் கிடைத்தது. 1935 நவம்பரில் பொறியாளர்கள் முன்னிலையில் செய்து காட்டியபோது, யாங்கர்ஸ் நிலையத்தில் டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் காகிதம் கிழிக்கும் சத்தமும் அப்படியே கேட்டது. சபையே அசந்துபோனது.

ஆனால் ஆர்.சி.ஏ.வின் கவனம் டெலிவிஷன் பக்கம் இருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இருந்த கருவிகளை எடுத்துவிடச் சொன்னது. இவர் தன் சொந்தப் பணத்தில் நியூஜெர்சியில் 400 அடிக்கும் மேலான கோபுரம் கட்டி ஒலிபரப்பினார். 1945-ல் அரசு எஃப்.எம்.முக்கு வேறு அலைவரிசை ஒதுக்கியது. ஏற்கனவே விற்ற செட்டுகள் எல்லாம் வீண். 1948-ல் ஆர்.சி.ஏ. மேல் கேஸ் போட்டார். வருடங்கள் ஓடின. பணம் கரைந்தது. மரியனும் மனக்கசப்பில் வீட்டை விட்டுப் போய்விட்டார். 1954 பிப்ரவரி 1-ஆம் தேதி காலை, தன் 13-ஆம் மாடி வீட்டிலிருந்து குதித்து அவர் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். வயது 63.

நண்பர்களே, அவரிடம் எடுத்துக்கொள்ளக் கூடாத பாடம் இது ஒன்றுதான். அதே வருடக் கடைசியில் ஆர்.சி.ஏ. சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் செய்துகொண்டது. மற்றக் கம்பெனிகளை மரியன் விடாமல் துரத்தினார். கடைசி கேஸ் 1967-ல் ஜெயித்தது. பதின்மூன்று வருடம் அந்த அம்மா காத்திருந்தார். அவரும் ஒரு வருடம் காத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. தனியாக எல்லாவற்றையும் மனசில் போட்டுப் புழுங்கியதுதான் அவரைக் கொன்றது. நமக்கு அரியர் விழலாம், வேலை கிடைக்கத் தாமதமாகலாம். பக்கத்து பெஞ்சுக்காரனிடமாவது வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

1977-ல் சென்னை வானொலி எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏ.எம்.மில் கேட்ட கரகரப்பு அதில் இல்லை. ஊர் ஊராக இன்று எஃப்.எம். கேட்கிறோம். அந்தத் தெளிவுக்காக ஒரு மனிதன் தன் சொத்தையும் நிம்மதியையும் கொடுத்திருக்கிறான்.

பக்கத்து ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கைக் காப்பியடிக்கும்போது ஒரு நிமிடம் அந்த 21 வயதுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடியான் வால்வு ஆறு வருடமாகப் பலர் கையில் இருந்தது. மீட்டரை வைத்துப் பொறுமையாக அளந்தவனுக்குத்தான் அது தன் ரகசியத்தைச் சொன்னது. நாமும் அளப்போம். தேதி போடுவோம்!