சித்தப்பாவுக்குக் கார் ஓட்டிய டாக்டர்

பெரிய குடும்பத்தில் பிறப்பது பாக்கியமா, பாரமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு டாக்டர் சிசிர் குமார் போஸ் ஞாபகம்தான் வரும். நேதாஜியின் தமையனாரும் பிரபல பாரிஸ்டருமான சரத் சந்திர போஸின் புதல்வர் இவர். பிறந்தது 1920 பிப்ரவரி 2.

1940 டிசம்பரில் சிறையிலிருந்து விடுதலையான நேதாஜி, கல்கத்தா எல்கின் ரோடு வீட்டில் போலீஸ் கண்காணிப்பில் இருந்தார். நாட்டைவிட்டு ரகசியமாக வெளியேற அவர் துணைக்கு அழைத்தது, மருத்துவம் படித்துக்கொண்டிருந்த சிசிரை. 1941 ஜனவரி 16 நள்ளிரவு கடந்து, முகம்மது ஜியாவுதீன் என்ற மாறுவேடத்தில் சித்தப்பா பின் ஸீட்டில் அமர, வாண்டரர் காரை ஓட்டினார் சிசிர். தன்பாத் அருகே அண்ணா அசோக்கின் வீட்டில் பகல் கழிந்தது. மறுநாள் இரவு கோமோ ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டார். அதன்பின் அவர்கள் சந்திக்கவேயில்லை. இருபத்தோரு வயதுகூட நிரம்பாத பிள்ளை, வாயைத் திறக்காமல் கல்லூரிக்குத் திரும்பினார்.

விலை கொடுக்காமலும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கைதான தகப்பனார் நம் திருச்சி சிறையிலும், பின்னர் குன்னூரிலும் 1945 வரை காவலில் இருந்தார். 1944-ல் சிசிரும் கைதாகி டில்லி செங்கோட்டை, லாகூர் கோட்டை, லயால்பூர் சிறை என்று தனிமையில் அடைபட்டார்.

சுதந்திரத்துக்குப் பின் அந்தப் பெயரை வைத்தே பதவிகளைத் தேடியிருக்கலாம். அவரோ குழந்தை மருத்துவரானார். கல்கத்தா குழந்தைகள் நல மருத்துவமனையான இன்ஸ்டிடியூட் ஆஃப் சைல்ட் ஹெல்த்தின் இயக்குநராகப் பல்லாண்டுகள் உழைத்தார். 1982-ல் தொடங்கி ஒரு முறை சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1957-ல் எல்கின் ரோடு வீட்டில் நேதாஜி ஆராய்ச்சி மையத்தை நிறுவி, கடிதங்கள், புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள் எனத் தேடிச் சேர்த்தார். நேதாஜியின் எழுத்துக்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தது இந்த உழைப்பால்தான்.

மத்திய அரசுப் பணியில் கல்கத்தாவில் இருந்தபோது அந்த வீட்டில் காரை நான் பார்த்திருக்கிறேன். 2017-ல் அதைப் புதுப்பித்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். விஞ்ஞானம் படித்த எனக்கு, காரோட்டிய இரவைவிட ஆவணம் சேர்த்த நாற்பதாண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. அத்தாட்சி இல்லாத தியாகம் இரண்டு தலைமுறையில் கட்டுக்கதையாகிவிடுமே!

2000 செப்டம்பர் 30-ல் அவர் காலமானார். முன்னோர் பெருமையைப் பேசுவது சுலபம். அதைப் பத்திரப்படுத்தித் தருவதுதான் வாரிசின் கடமை. நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் தாத்தாக்களின் டைரிகளையும் கடிதங்களையும் அங்கத்தினர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாமே.