நிழற்பட வேந்தர் தீனதயாளர்

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளுக்குள் நுழைவோர் முதற்கண் காண்பது, பட்டாசாலைச் சுவரில் வரிசையாக மாட்டப்பெற்ற நிழற்படங்களையே ஆகும். தேக்குச் சட்டத்தினுள் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த பாட்டனார் நாற்காலியில் வீற்றிருப்பார்; அருகே பாட்டியார், சிரிப்பதா வேண்டாவா என்னும் ஐயத்துடன் நின்றுகொண்டிருப்பார். மறைந்த முன்னோர் படங்களுக்குத் தோவாளைப் பூமாலை சாத்தி வணங்குவதும் உண்டு. ஒரு காலத்தில் தம் உருவத்தைப் பின்வருவோர்க்கு விட்டுச்செல்லும் பேறு அரசர்க்கும் பெருஞ்செல்வர்க்குமே வாய்த்திருந்தது. கிளிமானூர் இரவிவர்மா போன்ற ஓவியர்முன் பலநாள் அமர்ந்திருக்கும் பொழுதும் பொருளும் எளியோர்க்கு ஏது? ஒளியையே எழுதுகோலாகக் கொண்ட நிழற்படக்கலை வந்த பின்னரே அந்நிலை மாறிற்று. அக்கலையைப் பெருந்தொழிலாக நடத்தி, ஐரோப்பியர்க்கு நிகராகப் புகழீட்டிய இந்தியருள் தலைசிறந்தவர் தீனதயாளர்.

இவர் மீரத்து நகருக்கு அண்மையிலுள்ள சர்தானா என்னும் ஊரில், 1844ஆம் ஆண்டில், மணிவணிகம் செய்துவந்த சைனக் குடும்பத்தில் பிறந்தார். உரூர்க்கியிலிருந்த தாம்சன் பொறியியற் கல்லூரியில் பயின்றார். பயிற்சி முடிந்ததும் 1866இல் இந்தூரில் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் அமர்ந்தார். கட்டடத்தின் நீள அகலங்களைக் கண்ணால் அளந்து தாளில் வரைவதே அவருடைய அன்றாட வேலை. பிற்காலத்தில் அவர் எடுத்த படங்களில் தூண்களும் வளைவுகளும் கோணாமல் நேராக நிற்பதற்கு இப்பழக்கமே காரணம் எனலாம்.

முப்பதாம் அகவையில், 1874ஆம் ஆண்டளவில், அவர் நிழற்படக் கருவியைக் கையிலெடுத்தார். அதனை இக்காலத்துப் படப்பிடிப்பைப்போல் எளிய செயலென எண்ணலாகாது. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைச் சீராகப் பரப்பவேண்டும். பின்பு இருட்டில் அதனை வெள்ளி நைட்டிரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, ஈரம் உலருமுன் கருவியில் செருகிப் படம்பிடித்து, உடனே மீண்டும் இருட்டறைக்குக் கொண்டுசென்று உருத்துலக்கவேண்டும். தகடு உலர்ந்தால் உழைப்பெல்லாம் வீண். ஆதலின் வெளியூர் செல்வோர் கருவியோடு கண்ணாடித் தகடுகள், மருந்துக் குப்பிகள், தண்ணீர்க் குடங்கள், இருட்டுக் கூடாரம் ஆகிய அனைத்தையும் மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றனர். நடு இந்தியாவின் கோடை வெயிலில் அக்கூடாரத்தினுள் நின்றவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. படியெடுத்தற்கும் தனி முறை உண்டு. முட்டையின் வெண்கருவும் உப்பும் பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் நனைத்து உலர்த்தி, கண்ணாடித் தகட்டின்கீழ் வைத்து வெயிலில் காட்டுவர். கதிரவனே உருவத்தைத் தாளில் பதிப்பான்.

பணி ஒழிந்த நேரத்தில் இக்கலையைப் பயின்ற தீனதயாளர்க்கு இந்தூர் அரசர் இரண்டாம் துக்கோசிராவ் ஓல்கர் ஆதரவளித்தார். நடு இந்தியாவில் ஆங்கில அரசின் முகவராயிருந்த சர் என்றி தேலியும் அவருடைய திறமையைக் கண்டு ஊக்கினார். 1875-76இல் வேல்சு இளவரசர் இந்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது, அவ்வருகையைப் படம்பிடிக்கும் வாய்ப்பும் கிட்டியது. பின்னர் முகவராய் வந்த சர் இலெப்பல் கிரிபின் என்பவர் 1882ஆம் ஆண்டையொட்டிப் பழங்கோயில்களையும் கோட்டைகளையும் காணச் சென்றபோது, தீனதயாளரையும் உடனழைத்துச் சென்றார். அப்பயணத்தின் படங்கள் நடு இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்களைப் பற்றிய நூலாக 1886இல் இலண்டனில் வெளிவந்தன.

இதற்கிடையே அவர் ஒரு கடினமான முடிவுக்கு வரவேண்டியிருந்தது. அரசாங்க வேலையோ திங்கள்தோறும் ஊதியம் தருவது. முதுமையில் ஓய்வூதியமும் கிட்டும். நிழற்படத் தொழிலோ கருவிக்கும் மருந்துக்கும் பெரும்பணத்தை முன்னதாகவே விழுங்குவது. கல்கத்தாவிலும் சிம்லாவிலும் பம்பாயிலும் பூர்ன் அண்டு செப்பர்டு போன்ற ஐரோப்பிய நிலையத்தார் செல்வாக்குடன் தொழில் நடத்திவந்தனர். ஆளுநரும் படைத்தலைவரும் அவர்களையே நாடினர். அவர்களோடு ஓர் இந்தியர் போட்டியிட்டு வெல்வார் என்று நம்பியவர் சிலரே. தீனதயாளர் ஒரேயடியாகப் பாய்ந்துவிடவில்லை. முதலில் நீண்ட விடுப்புப் பெற்றுத் தொழிலை நடத்திப் பார்த்தார். அது தழைக்கும் என்பது உறுதியான பின்னரே பணியினின்று விலகினார். துணிவோடு முன்னெச்சரிக்கையும் கலந்திருந்தமையே அவரை வணிகராக்கிற்று. கலைஞர் பலரிடம் இவ்விரண்டும் ஒருங்கே அமைவதில்லை. தப்பரின் பிரபு வைசிராயாக இருந்தபோது அவருடைய நிழற்படக் கலைஞராகும் சிறப்பையும் தீனதயாளர் பெற்றார்.

ஆங்கிலப் படையினர் பெருந்தொகையாகத் தங்கியிருந்த இடம் சிகந்தராபாத்து. அதனை அடுத்தது நிஜாமின் தலைநகராகிய ஐதராபாத்து. பணமும் பகட்டும் அருகருகே நிலவிய அவ்விடத்தில் தீனதயாளர் தம் படநிலையத்தை அமைத்தார். இந்தூரிலும் அவர்க்கு ஒரு நிலையம் இருந்தது. அவர் தம் தொழிலை ஒருவகைப் படத்தோடு நிறுத்தவில்லை. தனியுருவப் படங்களும் குடும்பப் படங்களும் ஒருபுறம்; அரண்மனை விருந்து, வேட்டை, படை அணிவகுப்பு ஆகியன மறுபுறம். இவையன்றிக் கோயில், மசூதி, கோட்டை முதலியவற்றின் படங்களைச் சேர்த்துவைத்து, வேண்டுவோர்க்குப் படியெடுத்து விற்றார். ஆங்கிலேயர் தாய்நாடு திரும்பும்போது அவற்றைத் தொகுதியாக வாங்கிச் சென்றனர். தகடு ஒவ்வொன்றுக்கும் எண் இடப்பெற்றது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் மறுபடி கேட்பினும் அதனை எடுத்துக் கொடுக்க இயன்றது. ஒருமுறை பிடித்த படம் பன்முறை பொருளீட்டும் சூழ்ச்சி இது.

அவருடைய நிலையங்களுள் வியப்புக்குரியது, 1892இல் ஐதராபாத்தில் பெண்டிர்க்கென்றே திறந்ததாகும். உயர்குடி மகளிர் அக்காலத்தில் அயலார் கண்ணிற் படாமல் திரைக்குள் வாழ்ந்தனர். ஆடவன் ஒருவன்முன் முகம்காட்டி அமர்தல் அவர்க்கு இயலாது. மற்ற நிலையத்தார் இதனைத் தடையாகக் கண்டனர். தீனதயாளரோ இதிலும் ஒரு வழி கண்டார். உயர்ந்த மதில் சூழ்ந்த தனியிடம் அமைத்து, கென்னி இலெவிக்கு என்னும் ஆங்கிலப் பெண்மணியை அதன் பொறுப்பில் அமர்த்தினார். மகளிர் அச்சமின்றி வந்து தம்மையும் தம் மக்களையும் படம்பிடித்துச் சென்றனர். மரபை இகழவுமில்லை, அதற்கஞ்சித் தொழிலைக் கைவிடவுமில்லை.

1893ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. முந்திய ஆண்டின் இறுதியில் குமரிமுனைப் பாறையில் தவமிருந்த விவேகானந்தர், அக்காட்சியையொட்டிக் கூடிய சமயப் பேரவையிலேதான் உரையாற்றினார். அதே பொருட்காட்சியில் தீனதயாளரின் படங்களும் வைக்கப்பெற்றுப் பரிசு பெற்றன. மறு ஆண்டில் ஆறாம் நிஜாமாகிய மீர் மகபூப் அலிகான் அவர்க்கு இராசா முசவ்விர் சங் பகதூர் என்னும் பட்டம் அளித்தார். முசவ்விர் என்பது உருவம் வரைவோனைக் குறிக்கும். விக்டோரியாப் பேரரசியாரின் நிழற்படக் கலைஞர் என விளங்கும் உரிமையும் அவரை நாடி வந்தது. 1896இல் பம்பாயில் பெரிய நிலையம் ஒன்றைத் திறந்தார்.

அரண்மனைப் பகட்டை மட்டுமே அவருடைய கருவி கண்டது என்று கருதுதல் தவறு. அந்நூற்றாண்டின் இறுதியில் தக்காணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, நிஜாம் அரசு நடத்திய துயர்துடைப்புப் பணிகளும் அவர் நிலையத்தாரால் படம்பிடிக்கப்பெற்றன. மணிமாலை அணிந்த மன்னரைக் காட்டிய கலையே, எலும்பெழுந்த ஏழையரையும் காட்டிற்று.

ஆயினும் அத்தொழிலின் அடிப்படை அத்துணை வலிதன்று. பெரிய நிலையங்களை நடத்தச் செலவு மிகுதி. வருவாயோ பெரும்பாலும் மன்னர், பிரபுக்கள் ஆகியோரின் விருப்பத்தைச் சார்ந்தது. கதிரவன் ஒளியை நம்பிப் படம்பிடித்தவர் மன்னர் முகத்தின் ஒளியையும் நம்ப நேர்ந்தது. இதற்குள் 1888இல் கோடக்கு என்னும் கைக்கருவி அமெரிக்காவில் தோன்றி, விலை குறைந்த வகைகளாகப் பரவிற்று. பொழுதுபோக்குக்காகத் தாமே படம்பிடிப்போர் பெருகினர். தீனதயாளரின் மைந்தராகிய ஞானசந்தரும் தருமசந்தரும் தந்தையோடு உழைத்துவந்தனர். 1904இல் தருமசந்தர் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே தீனதயாளரும் உலகவாழ்வை நீத்தார். ஞானசந்தர் தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். எனினும் பழைய பெருமை திரும்பவில்லை.

நிலையங்கள் மறைந்த பின்னும் கண்ணாடித் தகடுகள் அழியவில்லை. எளிதில் உடையும் அப்பொருள்களைக் குடும்பத்தார் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவந்தனர். 1989இல் புதுதில்லியிலுள்ள இந்திராகாந்தி தேசியக் கலை மையம் அவற்றுள் 2,857 தகடுகளைப் பெற்றுக்கொண்டது. 2006இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாகத் தலை ஒன்றை வெளியிட்டது. தகடுகளிற் காணும் மன்னருட் சிலரின் பெயர்களை ஆய்வாளர் தேடித்தான் அறியவேண்டியுள்ளது. ஓரத்தில் இடப்பெற்ற எண்களோ அவர் எழுதுவித்தவாறே தெளிவாக நிற்கின்றன.