சிரிப்பால் துப்பறிந்தவர்

திருவிடைமருதூரில் 1913ஆம் ஆண்டு பிறந்த ஆர். மகாதேவன், ‘தேவன்’ என்னும் புனைபெயரால் தமிழ் வாசகர் நெஞ்சில் நிலைத்தவர். சிறிது காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின் ஆனந்த விகடனில் சேர்ந்தார். 1942இல் அதன் நிர்வாக ஆசிரியரானார்.

உலகப் போரின் அச்சம் சென்னையைக் கவ்வியிருந்த நாள்களில் அவர் படைத்தவன் துப்பறியும் சாம்பு. நடுவயது வங்கிக் குமாஸ்தா. அசடு என்று பிறர் எள்ளியவன். மதியூகத்தால் அன்றி, தடுமாற்றத்தாலும் தற்செயலாலும் குற்றவாளிகளைப் பிடிக்கிறான். புகழ் தானே வந்து சேர்கிறது. துப்பறியும் கதைக்குக் குருதியும் கொடூரமும் இன்றியமையாதன என்ற எண்ணத்தை அக்கதைகள் பொய்யாக்கின. மர்மம் துலங்கும் இன்பமும் எவரையும் புண்படுத்தாத நகையும் அவற்றில் ஒருங்கே அமைந்தன. ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ என்னும் நாவலிலோ நீதிமன்ற விசாரணையையே சுவைமிக்க கதையாக்கினார்.

வாரந்தோறும் ஓயாது எழுதிய அக்கை, 1957ஆம் ஆண்டு மே மாதம், அவருக்கு 44 வயது நிறையுமுன்பே ஓய்ந்தது. தம் தொடர்கதைகளை நூல்களாகக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவர் மறைவுக்குப் பின்னரே அவை நூல்களாயின. தலைமுறைகள் கடந்தும் படிக்கப்படுகின்றன.

கனமான எழுத்தையே இலக்கியமெனப் போற்றும் நாம், களைத்து வீடு திரும்பியவனை ஒரு மாலைப்பொழுதேனும் கவலை மறக்கச் செய்த அத்தொண்டையும் இலக்கியக் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.