அறியேன் எனத் தொடங்கிய அறிஞர்

அரிந்து வைத்த வாழைக்காய் சிறிது போதிற் கறுத்துவிடுதலும், எலுமிச்சம்பழம் அவ்வாறு கறுக்காமையும் நாம் நாள்தோறும் காண்பனவே. கண்டும் ஏன் என வினவுவார் மிகச் சிலர். அவ்வாறு வினவிப் பெரும்பயன் கண்ட ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் ஹங்கேரி நாட்டுத் தலைநகராகிய புடாபெஸ்டில் 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் பிறந்தார். மருத்துவம் பயிலுங்கால் முதல் உலகப்போர் மூண்டது. களத்திற் பணிபுரிந்த இவர் அதன் கொடுமையை வெறுத்து, 1916-இல் தம் கையைத் தாமே சுட்டுக்கொண்டு, பகைவர் குண்டெனக் கூறி வீடு திரும்பினார். இச்செயலை நாம் புகழத் துணியோம். ஆயினும், காத்துக்கொண்ட உயிரை அவர் வீணாக்கினாரல்லர்.

பின்னர்க் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, பழம் கறுப்பதைத் தடுக்கும் இயல்புடைய அமிலமொன்றை ஆரஞ்சு, முட்டைக்கோசு முதலியவற்றினின்று பிரித்து, 1928-இல் வெளியிட்டார். அதன் தன்மை முற்றும் விளங்காமையின், அறியேன் என்னும் பொருள்பட இக்னோஸ் எனப் பெயரிட்டார். இதழாசிரியர் மறுக்கவே, கடவுளே அறிவார் என்னும் பொருள்பட வேறொரு பெயர் தந்தார்; அதுவும் மறுக்கப்பட்டது.

1932-இல் செகெட் நகரில், ஸ்விர்பெலி என்பாருடன் கினிப்பன்றிகளைக் கொண்டு சோதித்து, அவ்வமிலமே ஸ்கர்வி நோயைத் தடுக்கும் வைட்டமின் ஸி எனத் தெளிந்தார். அவ்வாண்டே அமெரிக்கராகிய சார்ல்ஸ் கிங்கும் அம்முடிபை வெளியிட்டமையின், முதன்மை யாருக்கென வழக்கெழுந்தது. ஆராய்ச்சிக்குப் போதிய அளவு அமிலம் கிட்டாதிருக்க, அவ்வூர்ச் செம்மிளகாயே அதனை மிகுதியாக உதவிற்று. அஸ்கார்பிக் அமிலம் எனப் பெயர்பெற்ற அதனை ஆராய்ந்ததன் பொருட்டு 1937-இல் நோபெல் பரிசு பெற்றார். தம் பொற்பதக்கத்தையும் போரில் வருந்திய பின்லாந்துக்கு ஈந்தார். இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரை எதிர்த்து மறைந்து வாழ்ந்தார்; 1947-இல் அமெரிக்கா புக்கு, 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் இறந்தார்.

இந்நாளில் அவ்வமிலம் பழச்சாறு முதலியவற்றிற் சேர்க்கப்படுகின்றது. பால்மிடிக் அமிலத்தோடு கூட்டி ஆக்கப்படும் அஸ்கார்பில் பால்மிடேட், நெய்ப்பொருள்கள் சிக்கு நாற்றம் அடையாமற் காக்கின்றது. உணவைப் பற்றவரும் பிராணவாயுவைத் தான் முன்னின்று ஏற்றுத் தன்னையழித்து உணவைக் காத்தலே இதன் இயல்பு.

அறியாததை அறியேன் என்றல் இழுக்கன்று. அறியாது அமைதலே இழுக்கு. மாணாக்கராகிய நாம் இவரிடம் கற்பது இதுவே.