பனியை வென்ற தோட்டக்காரர்

வெயில் நாட்டுப் பழத்தைப் பனி கொட்டும் நாட்டில், கண்ணாடிக் கூரை எதுவுமின்றித் திறந்த வெளியில் விளைவிக்க முடியுமா? இந்த ஒரு கேள்விக்கே தம் ஆயுளைக் கொடுத்தவர் ருஷ்ய நாட்டுத் தோட்டக் கலைஞர் இவான் மிச்சூரின். முடிவில் அவர் வென்றார். ஆனால் அதற்கு முன் பல வருஷங்கள் தோற்றார். தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொண்டதே அவருடைய வெற்றிக்கு வழி திறந்தது.

ரயில்வே குமாஸ்தா

மிச்சூரின் 1855-ம் ஆண்டு மத்திய ருஷ்யாவில், ரியஸான் மாகாணத்தில், நொடித்துப்போன ஒரு சிறு ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். தாயார் அவருடைய சிறு வயதிலேயே காலமானார். சொத்து கரைந்தது, படிப்பு பாதியில் நின்றது. 1872-ல் கோஸ்லோவ் என்ற ஊருக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தா வேலையில் அமர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து அலெக்ஸாந்திரா என்ற ஏழைப் பெண்ணை மணந்தார்.

சம்பளம் வயிற்றுக்கே போதவில்லை. ஆகவே ஓய்வு நேரத்தில் கடிகாரம் பழுது பார்த்தார். அதில் கிடைத்த காசைக் கொண்டு 1875-ல் ஒரு சிறிய தோட்டத்தை வாடகைக்குப் பிடித்து, நூற்றுக்கணக்கான பழச் செடிகளைச் சேர்த்தார்.

கோஸ்லோவில் கடுங்குளிர் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கிவிடும். அதைத் தாங்கும் நாட்டு ரகங்களின் பழமோ பெரும்பாலும் சிறியது, புளிப்பானது. பிரான்ஸ் தேசத்துப் பேரிக்காயும் கிரிமியாவின் ஆப்பிளும் அங்கே பிழைப்பதில்லை.

கருகிய ஒட்டுகள்

அந்நாளில் கிரெல் என்ற மாஸ்கோ நிபுணர் ஒரு யோசனை சொல்லி வந்தார். குளிர் தாங்கும் உள்ளூர்ச் செடியின் மேல் தெற்கத்திய ரகத்தை ஒட்டுக் கட்டினால், அது நாளடைவில் குளிருக்குப் பழகிவிடும் என்பது அவர் கொள்கை. மிச்சூரின் அதை நம்பினார். கைக்காசைச் செலவழித்து வருஷக்கணக்கில் ஒட்டுக் கட்டினார்.

இதமான குளிர்காலங்களில் செடிகள் தழைத்தன. பிறகு ஒரு கடுங்குளிர் வந்தது. ஒட்டுக்கு மேலே இருந்ததெல்லாம் கருகிற்று. கீழே உள்ளூர் அடிச்செடி மட்டும் உயிரோடு நின்றது!

காரணம் எளியதுதான். வடக்கத்திய மரம் இலையுதிர் காலத்திலேயே வளர்ச்சியை நிறுத்தி, கிளைகளை முற்றவைத்துக்கொண்டு குளிரை எதிர்கொள்ளும். தெற்கத்திய மரமோ இளந்தளிரோடு பனியில் அகப்பட்டுக்கொள்ளும். திசுக்களில் பனிக்கட்டி உறைந்ததும் மடிந்துவிடும். அடிச்செடி வேரைத்தான் காக்கும். மேலே உள்ள மரத்தின் குணத்தை மாற்றிவிடாது.

விதையிலிருந்து தொடக்கம்

வளர்ந்த மரத்தைப் பழக்க முடியாது; குளிர் தாங்கும் குணத்தோடு பிறக்கும் மரத்தைத்தான் தேட வேண்டும் என்று மிச்சூரின் கண்டார். ஒரு குளிர் நாட்டு மரத்தையும் ஒரு சுவை மிகுந்த தெற்கத்திய மரத்தையும் மகரந்தச் சேர்க்கை செய்து, அந்த விதைகளை விதைத்தார். முளைத்த கன்றுகளைப் பனியின் முன் நிறுத்தினார். மெலிந்தவை மாய்ந்தன, மிஞ்சியவற்றிலே நல்ல பழம் தருவதைத் தேர்ந்தெடுத்தார்.

1888-ல் கோஸ்லோவுக்கு வெளியே நிலம் வாங்கினார். வண்டிக்குக் கொடுக்கப் பணமில்லை. செடிகளைக் குடும்பத்தார் தோளிலேயே சுமந்து சென்று நட்டார்கள். மறு வருஷம் ரயில்வே வேலையை விட்டார்.

1900-ல் அவர் செய்ததுதான் அதிசயம். அந்தச் செழிப்பான கரிசல் மண் கன்றுகளைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது என்று கருதி, நாற்றுப் பண்ணையையே ஆற்றோரத்து ஏழை மண்ணுக்கு மாற்றினார். நல்ல நிலத்தை விட்டு மோசமான நிலத்தைத் தேடிப் போன விவசாயி உலகில் எத்தனை பேர்?

தூரக் கிழக்கின் உஸ்ஸூரிப் பேரியையும் ஐரோப்பாவின் இனிய பேரியையும் 1903-ல் அவர் கலந்தார். அதிலிருந்து, குளிர் தாங்குவதோடு பறித்த பழமும் குளிர்காலம் வரை கெடாதிருக்கும் பேரி பிறந்தது. ஆப்பிள், செர்ரி, பிளம் என்று அவர் தந்த ரகங்கள் 300-க்கு மேல்.

துன்பமும் புகழும்

ஜார் சர்க்காரிடம் உதவி கேட்டார், பயனில்லை. 1915-ல் ஆற்று வெள்ளம் பண்ணையை அழித்தது. அதே கோடையில் காலரா நோய் மனைவியைக் கொண்டுபோயிற்று. புரட்சிக்குப் பின், 1918-ல், பண்ணை அரசுடைமையாகி, அவரே அதன் தலைவரானார். மாமேதை வாவிலோவ் நேரில் வந்து கண்டு, அவர் பணியைப் போற்றினார். 1932-ல் கோஸ்லோவ் நகருக்கே மிச்சூரின்ஸ்க் என்று பெயர் சூட்டப்பட்டது. 1935 ஜூன் 7-ந் தேதி, தமது 79-வது வயதில் அவர் காலமானார்.

பிறகு நடந்ததுதான் விபரீதம். வளர்ப்பு முறையால் பயிரின் பரம்பரைக் குணத்தையே மாற்றலாம் என்று வாதித்த லைசென்கோ, அதற்கு மிச்சூரின் பெயரையே கொடியாக்கினார். இளம் கலப்புக் கன்றின் குணத்தை ஒட்டுக் கட்டித் திருத்தலாம் என்று மிச்சூரினும் எண்ணியதுண்டு; பிற்கால விஞ்ஞானம் அதை ஏற்கவில்லை. ஆனால் லைசென்கோவின் கூற்று அதைவிட வெகுதூரம் போயிற்று. வாவிலோவ் 1943-ல் சரதோவ் சிறையில் மாண்டார். 1948-ல் சோவியத் நாட்டில் மரபியலுக்கே தடை விழுந்தது.

மரங்களோ வேறு சாட்சி சொல்லின. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1913-ல் கடும் பனி விழுந்து, வெண்ணெய்ப்பழக் கன்றுகள் ஏராளமாக மடிந்தன. மெக்சிகோ மலைநாட்டிலிருந்து 1911-ல் கொண்டுவரப்பட்ட ஒரு ரகம் மட்டும் தாங்கி நின்றது. ஸ்பானிய மொழியில் 'வலியது' என்று பொருள்படும் 'ஃபுவெர்டே' என்ற பெயரை அதற்கு இட்டார்கள். பழக்கியதால் அல்ல, பிறவியிலேயே வலிமை இருந்ததால்தான் அது பிழைத்தது.

மிச்சூரின் தோட்டம் கற்பித்ததும் இதுவே. கன்றுகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர் தம் ஆசையிடம் விடவில்லை, பனியிடம் விட்டார். தம் கொள்கை கண்ணெதிரே கருகியபோது கொள்கையைக் கைவிட்டு உண்மையைப் பற்றிக்கொண்டார். அவருடைய பெயரைத் தூக்கிப் பிடித்தவர்கள் கற்கத் தவறிய பாடம் அதுதான்.